இந்த வாரம் என்ன வேலை நடந்தது?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் மொட்டைமாடி அறையில் நான்கு பேர் உட்கார்ந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே ஒரு நிறத்தைப் பற்றிப் பேசினோம். நீலம் வருவதற்கு முன்னால் நம் ரயில் பெட்டிகளுக்கு இருந்த மெரூன். டீ இரண்டு தடவை வந்தது. பலகைமேல் போட்டிருக்கும் எங்கள் மாடல் ரயில் லேஅவுட்டில் ஒரு வண்டிகூட ஓடவில்லை. எனக்கு இந்த வருடத்தின் நல்ல ஞாயிறுகளில் அது ஒன்று. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே எழுத ஆசை.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் மாடல் ரயில் செய்கிறவன். எட்டுக்கு நாலு ப்ளைவுட் பலகை, அதன்மேல் எச்ஓ ஸ்கேலில் ஒரு பாதை. எச்ஓ என்றால் 1:87. நிஜத்தில் 87 அடி இருப்பது இங்கே ஓரடி. இந்தக் கணக்கில் பழைய ஐசிஎஃப் பெட்டி (பெரம்பூர் இன்டெக்ரல் கோச் ஃபேக்டரி செய்தது) ஒன்று, இரு முனையிலும் மோதல் தாங்கும் பஃபரோடு சேர்த்து 25 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். 24 பெட்டி எக்ஸ்பிரஸை முழுசாக நிறுத்த 20 அடி வேண்டும். என் பலகையில் ஐந்து பெட்டி நிற்கும், அதுவே நிறைவாக இருக்கிறது.

ஞாயிறு வருகிறவர்கள் மூன்று பேர். அந்தப் பெரம்பூர் ஃபேக்டரியில், பெட்டியின் வெளி உடம்பைச் செய்யும் ஷெல் பிரிவில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன சார் ஒருவர். பேங்கில் வேலை செய்யும் நண்பர் ஒருவர். அவர் மாயவரம் பக்கத்து மீட்டர்கேஜ் (ஒரு மீட்டர் அகலப் பாதை) ஸ்டேஷன் ஒன்றை மாடலாகச் செய்துகொண்டிருக்கிறார். அப்புறம் இன்ஜினியரிங் படிக்கும் ஒரு தம்பி. வந்து உட்கார்ந்ததும் சார் ஒவ்வொருவரையும் பார்த்துக் கேட்பது ஒரே கேள்வி: "இந்த வாரம் என்ன வேலை நடந்தது?"

இந்தக் கேள்விதான் எங்கள் கூட்டத்தைக் கட்டிக் காப்பது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் தம்பி த்ரீ-டி பிரின்டரில் முதல் பெட்டியைச் செய்து எடுத்துவந்தான். கைக்குட்டையில் சுற்றி, டிஃபன் டப்பாவுக்குள் வைத்து, அவ்வளவு பத்திரமாக. சன்னல் கம்பிகள்கூட அழகாக வந்திருந்தன. ஆனால் உடம்பு முழுக்க வரிசை வரிசையாக ரிவெட், தகடுகளைச் சேர்த்து அடிக்கும் ஆணித் தலைகள். பார்த்ததும், "ஐசிஎஃப் பெட்டியில ரிவெட் கிடையாதேப்பா" என்று என் வாய்வரை வந்துவிட்டது. சார் முந்திக்கொண்டார். "தம்பி, இத எதப் பாத்துப் பண்ணே?" என்று கேட்டார். வெளிநாட்டு மாடல் பெட்டிகளின் படங்களைப் பார்த்ததாகச் சொன்னான். ரயில் பெட்டி என்றால் ரிவெட் இருக்கும் என்று நினைத்துவிட்டான்.

சார் பூஜை அலமாரியிலிருந்து ஒரு தீப்பெட்டியைக் கேட்டு வாங்கினார். உள்தட்டை மட்டும் வெளியே எடுத்து இரண்டு விரலால் முறுக்கினார், வளைந்தது. மூடிக்குள் தள்ளி மறுபடி முறுக்கினார், அசையவில்லை. "பழைய காலத்துப் பெட்டியில பாரம் எல்லாத்தையும் அடிச்சட்டம்தான் தாங்கும். மேல இருக்கற உடம்பு சும்மா கூண்டு மாதிரி. இதுல அடிச்சட்டம், சுவர், கூரை மூணையும் ஒண்ணா வெல்டிங் பண்ணிட்டோம். மொத்த உடம்பும் சேந்து பாரம் தாங்குது. அதான் இன்டெக்ரல். ரிவெட்டுக்கு என்ன வேலை அங்க?"

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இன்டெக்ரல் கோச் ஃபேக்டரி என்ற போர்டை வாசித்துக்கொண்டே வளர்ந்தவன் நான். 1955 அக்டோபர் 2-ஆம் தேதி நேரு திறந்துவைத்தது தெரியும், ஸ்விட்சர்லாந்துக் கம்பெனியின் தொழில்நுட்பத்தில் தொடங்கியது தெரியும், 2018 ஜனவரியில் அந்தப் பழைய டிசைனில் கடைசிப் பெட்டி வெளியே போனதும் தெரியும். பெயரில் இருக்கும் இன்டெக்ரல் என்ன என்று ஒருநாளும் யாரையும் கேட்டதில்லை. ஒரு பையன் தப்பாக ரிவெட் வைத்ததால் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு நான் முந்திக்கொண்டு "தப்பு" என்று சொல்லியிருந்தால் தம்பி பெட்டியை டப்பாவில் போட்டு மூடியிருப்பான், தீப்பெட்டியும் வந்திருக்காது. அடுத்த வாரம் உப்புத்தாளால் ரிவெட்டையெல்லாம் தேய்த்துவிட்டு அதே பெட்டியோடு வந்தான்.

அந்தப் பெட்டிக்குத்தான் போன வாரம் வண்ணம். அவன் பூசியிருந்த மெரூன் எனக்குக் கொஞ்சம் பளிச்சென்று பட்டது. பேங்க் நண்பர் வீட்டிலிருந்து ஒரு பழைய ஃபோட்டோவை எடுத்துவந்திருந்தார்; அதில் இன்னும் சிவப்பு. "ஃபோட்டோவ நம்பாதீங்க, பழைய கலர் பிரின்ட் நாளாக ஆக சிவந்துடும்" என்றேன். அது உண்மைதான், நீலச் சாயம் முதலில் மங்குவதால் படம் முழுக்கச் செம்மை ஏறிவிடும். சார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எந்த மெரூன் வேணும் ஒங்களுக்கு? பெயின்ட் ஷாப்ல இருந்து வெளிய வர்ற அன்னைக்கு இருக்கறதா, நாலு வருஷம் வெயில்ல ஓடினதா?" என்றார். பேச்சு அங்கே திசை மாறிவிட்டது. பிரேக் பிடிக்கும்போது வார்ப்பிரும்புக் கட்டை சக்கரத்தில் உரசும், இரும்புத் தூள் பறக்கும், பெட்டியின் கீழ்ப்பாதியில் ஒட்டித் துருப்பிடிக்கும். அதனால் ஓடின பெட்டியில் சன்னலுக்கு மேலே ஒரு மெரூன், கீழே பழுப்பு கலந்த வேறொரு மெரூன். இதையெல்லாம் அவர் கையால் காற்றில் தடவித் தடவிச் சொன்னார், எதிரே நிஜப் பெட்டி நிற்கிற மாதிரி.

தம்பியின் மெரூன் தப்பே இல்லை என்று கடைசியில் ஆனது. இந்த அளவுப் பொருளில், ட்யூப்லைட் வெளிச்சத்தில், நிஜ நிறத்தை அப்படியே பூசினால் இருண்டு தெரியும். கொஞ்சம் வெளுப்பாகப் பூசினால்தான் கண்ணுக்குச் சரியாக இருக்கும். அவன் தெரியாமலே சரியாகச் செய்திருந்தான். கீழ்ப்பாதிக்குத் துருநிறப் பொடி தடவ வேண்டியதுதான் பாக்கி.

இனி மனதில் கொஞ்ச நாளாக உறுத்துவதைச் சொல்கிறேன். எங்கள் பொழுதுபோக்கின் பேச்சு மெல்ல மெல்ல "என்ன வாங்கினீங்க?" என்று ஆகிக்கொண்டிருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் புது லோகோ, அதாவது இன்ஜின், வந்த அட்டைப்பெட்டியின் படம் வருகிறது. என்ன விலை, எந்தக் கடை, சூப்பர் சார், வாழ்த்துகள். அத்தோடு முடிந்தது. வாங்கியவரைக் குறை சொல்லவில்லை, அவருடைய மகிழ்ச்சி எனக்குப் புரிகிறது, நானும் வாங்குகிறவன். ஆனால் அந்தப் பேச்சில் கலந்துகொள்ளப் பணம் வேண்டும். 2020 பட்ஜெட்டில் பொம்மைகளின் இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. சுங்கக் கணக்கில் நம் மாடல் லோகோவும் பொம்மைதான். மாதச் செலவுக்கு வீட்டில் கொடுக்கும் பணத்தில் மிச்சம் பிடித்துப் பெட்டி செய்கிற பையன் அந்தக் குழுவில் என்ன சொல்வான்? பேசாமல் இருப்பான். ஆறு மாதம் கழித்து வெளியேறிவிடுவான். அப்படிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

"என்ன வேலை நடந்தது?" என்ற கேள்விக்கு அவனிடம் பதில் இருக்கிறது. எம்சாண்டை டீ வடிகட்டியில் சலித்துப் பாதைக்கு ஜல்லி எடுத்தேன் என்று சொல்லலாம். ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து ஊற்றினேன், ஜல்லிக்குள் இறங்காமல் முத்து முத்தாக மேலேயே நின்றது என்று சொல்லலாம். உடனே ஒருவர், "பாத்திரம் கழுவற லிக்விட் ஒரு சொட்டு விடு, எறங்கிடும்" என்பார். இரண்டு பேருக்கும் அன்றைய நாள் உருப்படியான நாள்.

நமக்கு இந்தப் பேச்சு மற்ற நாட்டுக்காரர்களைவிட அதிகமாகத் தேவை என்பது என் கருத்து. ஜெர்மனியில் மெர்க்லின் கம்பெனி 1891-லேயே லைப்ஸிக் சந்தையில் பொம்மை ரயில் பாதைகளுக்கு நிலையான அளவுகளை வைத்து விற்கத் தொடங்கிவிட்டது. அங்கே ஊசியிலை மரம் வேண்டுமா, மரக்கூரை வீடு வேண்டுமா, கடையில் அட்டைப்பெட்டியில் கிடைக்கும். மாயவரம் பக்கத்து ஸ்டேஷனுக்குப் பனைமரம் வேண்டுமென்றால்? பேங்க் நண்பர் மூன்று மாதம் அதைப் பற்றியே பேசினார். வயரை முறுக்கித் தண்டு செய்துவிட்டார், ஓலை வரவில்லை. பேப்பரை விசிறியாக மடித்து வெட்டினார், விறைப்பாக நின்றது. ஒருநாள் டீ கொண்டுவந்த என் மனைவி பார்த்துவிட்டு, "பனை ஓலை எல்லாமா நிமிந்து நிக்கும்? அடியில காஞ்சது தொங்கும்ல" என்றார். அவர் திருச்செந்தூர்ப் பக்கம். அடுத்த வாரம் வந்த பனையில் கீழே நாலு காய்ந்த ஓலை தொங்கியது. அதன்பிறகு அது பனை.

இன்னொரு விஷயம், கேஜ், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள அகலம். நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். 1:87-ல் அது 19.3 மில்லிமீட்டர் வரவேண்டும். கடையில் கிடைக்கும் எச்ஓ தண்டவாளம் 16.5, அதாவது வெளிநாட்டு 1435 மில்லிமீட்டர் பாதைக்கான அளவு. எங்கள் ரயில்கள் எல்லாம் கொஞ்சம் ஒடுங்கிய பாதையில்தான் ஓடுகின்றன. புதிதாக வருகிற யாராவது ஆசையாகப் படம் போட்டால், "கேஜ் தப்பு" என்று முதல் ஆளாக எழுத ஒருவர் இருக்கிறார். எனக்கு இதில் கோபமே வரும். இங்கிலாந்தில் ஓஓ ஸ்கேல் என்று ஒன்று இருக்கிறது. அவர்களுடைய இன்ஜின்கள் சிறியவை, அந்தக் காலத்து மோட்டார் எச்ஓ அளவு உடம்புக்குள் அடங்கவில்லை. உடம்பை 1:76 ஆக்கிவிட்டுத் தண்டவாளத்தை 16.5-லேயே விட்டுவிட்டார்கள். கணக்குப்படி அங்கேயும் பாதை ஒடுக்கம்தான். இன்றுவரை அந்த நாட்டில் அதிகம் பேர் ஓட்டுவது அதைத்தான். சரியான அளவில் தண்டவாளத்தைக் கையாலேயே போடுகிறவர்களை நான் கும்பிடுகிறேன். அந்த உழைப்பை வேறொருவரைச் சுருங்கவைக்கப் பயன்படுத்த வேண்டாம். பேங்க் நண்பருக்கு இந்தக் கவலையே இல்லை. மீட்டர்கேஜ் 1:87-ல் 11.5 மில்லிமீட்டர், கடையில் 12 மில்லிமீட்டர் கிடைக்கிறது. இந்த ஒரு இடத்தில் மட்டும் அவர்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

மற்றபடி நாங்கள் பேசுவது எல்லாம் அன்றாடச் சமாச்சாரம். கடல் காற்றில் தண்டவாளம் கறுத்து லோகோ விக்கி விக்கி ஓடுவது, அதை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைப்பது. மே மாதம் மொட்டைமாடி அறை கொதிக்கும், அதற்கு முன்பே தண்டவாள இணைப்புகளில் விசிட்டிங் கார்டு கனத்துக்கு இடைவெளி விடுவது. தம்பி முதன்முதலில் போட்ட பாதை வளைந்து சுற்றித் தன்னிடமே திரும்பி வந்து சேர்ந்தது. இடது தண்டவாளம் வலதைத் தொட, பவர் போட்டதும் ஷார்ட். ஏன் என்று ஒரு பேப்பரில் சிவப்பு, கறுப்புப் பேனாவால் கோடு போட்டுப் பார்த்து அவனே கண்டுபிடித்தான். நாங்கள் மூன்று பேரும் விடை தெரிந்தும் பேசாமல் காத்திருந்தோம். அப்படிக் காத்திருக்கச் சொல்லிக்கொடுத்தவர் சார்.

இன்னொரு நாள், ஒவ்வொரு லோகோவுக்கும் தனித்தனியாக ஆணை அனுப்பும் டிஜிட்டல் முறையில் இரண்டு புது லோகோக்களை வைத்து ஒன்றுக்கு மட்டும் ஆணை கொடுத்தோம், இரண்டும் கிளம்பிவிட்டன. ஃபேக்டரியிலிருந்து வரும்போது, லோகோவுக்குள் ஆணையை வாங்கும் டிகோடர் சிப்பின் முகவரி எல்லாவற்றுக்கும் 3 என்றுதான் இருக்கும். மாற்ற மறந்திருந்தோம். தம்பி பலகையின் அந்தப் பக்கம் ஓடிப்போய் இரண்டு கையாலும் பிடித்தான்.

கலிஃபோர்னியாவில் ஜான் ஆலன் என்று ஒருவர் இருந்தார். தொழில்முறை ஃபோட்டோகிராஃபர். தன் வீட்டில் அவர் கட்டிய மலைப்பாதை லேஅவுட்டை மாடல் ரயில் உலகத்தில் தெரியாதவர்கள் குறைவு. 1973 ஜனவரியில் அவர் இறந்தார். பத்தே நாளில் வீடு தீப்பிடித்து லேஅவுட் ஏறக்குறைய முழுசாக எரிந்துபோனது. இருபது வருடத்துக்கு மேலான உழைப்பு. அதைப் பற்றி இன்று நமக்குத் தெரிவது அவர் எடுத்த படங்களாலும், அவரோடு கூட உட்கார்ந்து வண்டி ஓட்டிய நண்பர்கள் சொல்லி வைத்ததாலும்தான். இதை நான் அடிக்கடி நினைப்பது சாரைப் பார்க்கும்போது. அவருக்கு எழுபத்து நாலு வயது. ஷெல் பிரிவில் கற்றதை அவர் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. ஃபோனை நீட்டிப் பதிவு செய்தால் அவருக்குப் பேச்சு வராது. கையில் ஒரு சின்னப் பெட்டியைக் கொடுத்து உப்புத்தாளையும் கொடுத்துவிட்டால் வரும். அதனால் எனக்கு ஞாயிற்றுக்கிழமைகள் முக்கியம்.

சரி, இந்த வார வேலைக்கு வருகிறேன். பேங்க் நண்பரின் ஸ்டேஷனில் ப்ளாட்பாரக் கூரையின் தூண்களுக்கு வண்ணம் அடிக்க வேண்டும். மாயவரம் ஜங்ஷன் மீட்டர்கேஜாக இருந்தபோது அங்கே தூண்கள் என்ன நிறம் என்பதில் எங்களுக்குள் இரண்டு கட்சி. நண்பர் சாம்பல் என்கிறார். சார் பச்சை என்கிறார், ஆனால் நிச்சயமாகச் சொல்ல மறுக்கிறார். உங்கள் வீட்டு ஆல்பத்தில் அந்தக் காலத்து மாயவரம் ஸ்டேஷனில் எடுத்த கலர்ப் படம் ஏதாவது இருந்தால் கமெண்டில் போடுங்கள். பெண் அழைத்துப் போகிறபோது எடுத்ததோ, யாரையோ வழியனுப்பப் போனபோது எடுத்ததோ, எதுவானாலும் சரி. முகங்களை மறைத்துவிடலாம், பின்னால் ஒரு தூண் தெரிந்தால் போதும். படம் இல்லாவிட்டாலும், நின்று சாய்ந்த ஞாபகம் இருந்தால் அதையும் எழுதுங்கள். ஞாயிறு காலை பத்து மணிக்குப் பெயின்ட் டப்பாவைத் திறக்கிறோம்.