முதலில் அவர்களுடைய முழக்கோலைச் செய்யுங்கள்

நேற்று ஒரு அறிவியல் புனைகதைத் தொடரின் முன்னோட்டம் பார்த்தேன். பல ஒளியாண்டு தாண்டி வந்த ஓர் இனத்தின் கப்பலுக்குள் கதாநாயகன் முதல் முறையாக நுழைகிறான். நீல எல்.இ.டி. பட்டைகள், அறுகோணச் சுவர்கள், ஏழடிக் கதவு, நடுவில் ஒரு சுழல் நாற்காலி. நிமிர்ந்த நடையில் உள்ளே போனவன் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். இடுப்பும் முதுகும் அதில் கச்சிதமாகப் பொருந்தின. அந்த இடத்தில் நான் நிறுத்திவிட்டேன். அத்தனை தூரத்திலிருந்து வந்தவர்களின் இருக்கை நம் முதுகுக்கு எப்படிப் பொருந்தும்?

அந்த செட்டை அடித்தவர்கள் எத்தனை இரவு தூங்காமல் வேலை பார்த்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நானும் அதே வேலைதான் பார்க்கிறேன். பதினான்கு வருடமாகக் கலை இயக்கப் பிரிவில் உதவியாளன். போன வருடம் ஒரு தொடருக்காக வேற்றுலகக் கப்பலின் உட்புறத்தை அமைக்கும் வேலை என் கைக்கு வந்தது. அதில் நான் கற்றுக்கொண்ட ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது.

என் ஊர் கன்னியாகுமரி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டிய தக்கலைப் பக்கம். செட் போட்டதும் அங்கேதான், மூடிக்கிடந்த ஒரு முந்திரி ஆலைக்குள். மர வேலைக்கு எங்கள் ஊர் மூத்த ஆசாரியை அழைத்திருந்தேன். எழுபது வயது தாண்டியவர், எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நாலுகெட்டு வீடுகளுக்கு (நடுமுற்றத்தைச் சுற்றிக் கட்டும் வீடு) உத்தரம் ஏற்றியவர். கம்ப்யூட்டரில் வரைந்து அச்செடுத்த படங்களை அவர் முன்னால் விரித்தேன். எனக்கு அவற்றைப் பற்றி மிகுந்த பெருமை. எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"மக்கா, படம் எல்லாம் நல்லாருக்கு. இதுக்குள்ள இருக்கப்பட்டவன் எப்படிப்பட்டவன்? அவன் உக்காருவானா, நிப்பானா? முட்டு எங்க மடங்கும்? அது தெரியாம படிக்கு நான் எப்படி உயரம் வைப்பேன்?"

என்னிடம் பதில் இல்லை. திரைக்கதையில் 'கப்பலின் உள்ளே, இரவு' என்று மட்டும்தான் இருந்தது.

மறுநாள் அவர் தன் முழக்கோலைக் கொண்டுவந்து காட்டினார். 24 அங்குலம் கொண்ட கோல், இந்த அங்குலம் இன்ச் அல்ல, தச்சர்களின் பழைய விரல் அளவு; இன்றைய கணக்கில் மொத்தம் 72 சென்டிமீட்டர். கதவு, கட்டில், உத்தரம் என்று வீட்டின் எல்லா அளவும் அந்தக் கோலின் மடங்காகவோ பங்காகவோதான் வரும். விரலும் சாணும் முழமும் கையிலிருந்து வந்தவை, அடி காலிலிருந்து வந்தது. மனித உடம்பை அளந்துதான் மனித வீடு. "அவன் கோல் வேறயா இருக்கும்லா" என்றார் ஆசாரி. அவர் சாதாரணமாகச் சொன்னார். எனக்கு இரவெல்லாம் தூக்கம் வரவில்லை.

நான் சொல்ல வந்தது இதுதான். வேற்றுலகக் கப்பலை வரையத் தொடங்கும் முன் அவர்களுடைய முழக்கோலைச் செய்யுங்கள். அவர்கள் உடம்பு என்ன, எதற்குப் பயப்படுவார்கள், எங்கே சாய்வார்கள் என்று முடிவெடுத்து, அதிலிருந்து ஓர் அளவை உண்டாக்கி, பிறகு வரையுங்கள். நிறமும் விளக்கும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லைக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. தமிழ்நாடு, கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையில் நின்றால் இரண்டு மாநில பஸ்ஸும் வரும். வெளி நிறத்தை மறைத்துவிட்டு உள்ளே உட்காரவைத்தாலும் எது எந்த ஊர் வண்டி என்று சொல்லிவிடுவோம். பழைய கேரள வண்டிகளின் ஜன்னலில் கண்ணாடிக்குப் பதிலாக மழைக்கு இறக்கிவிடும் ஷட்டர். சாரலோடு வாழ்ந்தவர்கள் கட்டிய வண்டி அது. வீடும் அப்படித்தான். கூரை எவ்வளவு சரிகிறது, இறவாரம் எவ்வளவு தாழ்கிறது, வந்தவர் உட்காருவது திண்ணையா, பூமுகம் என்ற முகப்பில் சாய்ந்து உட்காரும் சாருபடியா என்று பார்த்தாலே அந்த வீட்டு மனிதர்களைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் இருக்கும், பழைய திருவிதாங்கூர் மன்னர்களின் பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சின்ன வயதிலிருந்து எத்தனை முறை போயிருப்பேன் என்று கணக்கில்லை. 1956இல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் கேரள அரசின் பொறுப்பிலேயே இருக்கும் அரண்மனை. இந்த வேலைக்காக ஒரு முறை கையில் டேப்போடு போனேன். பூமுகத்து மரக் கூரையில் 90 பூக்கள், ஒன்று போல் இன்னொன்று இல்லை. கறுத்த தரை. எரித்த தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துத் தேய்த்தது என்று சொல்வார்கள், இன்றைக்கும் முகம் தெரிகிறது. தாழ்ந்த வாசல்கள், மங்கிய வெளிச்சம், வெயிலை வெளியே நிறுத்திக் காற்றை மட்டும் உள்ளே விடும் மரச் சட்டங்கள். நவராத்திரி மண்டபத்தில் அரச குடும்பத்துப் பெண்கள் தாங்கள் தெரியாமல் கலை நிகழ்ச்சி பார்க்கும் சல்லடைத் தடுப்பு. யார் யாரைப் பார்க்கலாம் என்ற சட்டத்தையே மரத்தில் செதுக்கி வைத்திருக்கிறார்கள்.

அதே வளாகத்தில் இந்திரவிலாசம் என்று ஒரு கட்டடம் இருக்கிறது. வெளிநாட்டு விருந்தினர்கள் தங்குவதற்காகக் கட்டியது. அங்கே மட்டும் கூரை உயர்ந்துவிடும், கதவும் ஜன்னலும் பெரிதாகிவிடும். வாசலில் குனிந்து குனிந்து வந்த என் கழுத்து அந்த அறையில் தானாக நிமிர்ந்தது. கடல் தாண்டி வந்த வேற்று மனிதர்களின் உடம்பையும் பழக்கத்தையும் யோசித்து நம் தச்சர்கள் ஓர் உட்புறத்தை அமைத்திருக்கிறார்கள். இந்த வேலை நமக்குப் புதிதல்ல என்ற தைரியம் எனக்கு அங்கேதான் வந்தது.

வெளிநாட்டுத் தொடர்களில் நல்லவை எல்லாம் இந்தக் கோல் விஷயத்தைத் தெரிந்து செய்தவைதான். 1993இல் வந்த 'ஸ்டார் ட்ரெக்: டீப் ஸ்பேஸ் நைன்' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். கதை நடக்கும் விண்நிலையத்தைக் கட்டியவர்கள் கார்டாசியர்கள் என்ற ஆக்கிரமிப்பாளர்கள். அவர்கள் போன பிறகு மனிதர்கள் அங்கே குடியேறி வேலை பார்க்கிறார்கள். வடிவமைப்பாளர் ஹெர்மன் ஜிம்மர்மன் கார்டாசியர்களுக்கு மூன்றின் மேல் பிரியம் என்று வைத்துக்கொண்டு நிலையம் முழுக்க மூன்று மூன்றாகச் செய்தார். கதவு பற்சக்கரம் போல உருண்டு திறக்கும். தலைவனின் அறை மட்டும் மேலே, மற்றவர்கள் அண்ணாந்து பார்க்கும்படி. ஆக்கிரமித்தவர்கள் ஊரைவிட்டுப் போயும் அவர்களுடைய அதிகாரம் அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறது. ஏழு சீசன் அந்தத் தொடர் ஓடியது. அந்த உட்புறம் ஒரு நாளும் சலிக்கவில்லை.

'பாபிலோன் 5' தொடரில் மின்பாரிகள் என்ற இனம் சரிவான கட்டிலில் தூங்கும். சமமாகப் படுப்பது மரணத்தை அழைப்பது என்பது அவர்கள் நம்பிக்கை. ஒரு பலகையைச் சாய்த்து வைத்ததுதான், செலவே இல்லை. ஆனால் அந்தக் கட்டிலில் தூங்க முயலும் மனிதனைப் பார்க்கும்போது ஒரு மதமே நமக்குப் புரிந்துவிடுகிறது. 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில் 1989இல் முதலில் காட்டப்பட்ட போர்க் இனத்தின் கப்பலில் ('போர்க்' என்பது அந்த இனத்தின் பெயர், சண்டை அல்ல) தலைவனுக்கான மேடை கிடையாது, படுக்கையறை கிடையாது. நின்றபடியே சக்தி ஏற்றிக்கொள்ளும் மாடங்கள் வரிசை வரிசையாக. தனி மனிதன் என்ற எண்ணமே இல்லாதவர்கள் என்று வசனத்தில் சொல்லும் முன்பே சுவர் சொல்லிவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது இவை எல்லாவற்றிலும் பழையது. 'டாக்டர் ஹூ' தொடரில் 1963 டிசம்பரில் வந்த, உலோகக் கூட்டுக்குள் வாழும் டாலெக்குகள் என்ற இனத்துக்கு உலோகத் தரையிலிருந்துதான் மின்சாரம். ஒரு டாலெக்கைத் தரையிலிருந்து பிரித்து மேலங்கி மேல் இழுத்து நிறுத்தியதும் அது செயலிழந்துவிடும். தரையே அவர்களுக்குச் சோறு! கறுப்பு வெள்ளைக் காலத்தில், சின்ன ஸ்டுடியோவில், சொற்பப் பணத்தில் செய்தது. ஆகவே பட்ஜெட் இல்லை என்ற பேச்சை நான் ஒப்புக்கொள்வதில்லை.

சரி, எங்கள் கப்பலுக்கு வருகிறேன். எங்கள் இனம் உட்காராது, சாய்ந்து இளைப்பாறும் என்று இயக்குநரோடு உட்கார்ந்து முடிவெடுத்தோம். தாழ்ந்து நடப்பவர்கள், காலில் பலம் அதிகம். ஆசாரி அயனி மரத்தில் அவர்களுக்கு ஒரு கோல் செய்தார். 63 சென்டிமீட்டர், ஒன்பது பங்கு. ஒரு பங்கு 7 சென்டிமீட்டர். அதன் பிறகு ஆலைக்குள் யாரும் டேப்பை எடுக்கக் கூடாது என்று சட்டம் போட்டேன். படியின் உயரம் நான்கு பங்கு, அதாவது 28 சென்டிமீட்டர். நம் வீட்டுப் படி 15 முதல் 18 வரைதான் இருக்கும். நடைவழியின் அகலம் பன்னிரண்டு பங்கு, 84 சென்டிமீட்டர். எதிரே ஒருவர் வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்பித்தான் ஆக வேண்டும். வாசல் இருபத்துநான்கு பங்கு, 168 சென்டிமீட்டர்.

கேமராவுக்கு இடம் எங்கே என்று ஒளிப்பதிவாளர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒவ்வொரு சுவரையும் தனித் தனி ஃபிரேமாக அடித்து, போல்ட் கழற்றினால் கையோடு வரும்படி செய்தோம். இது புதிய யோசனையும் அல்ல. 1966இல் வந்த முதல் 'ஸ்டார் ட்ரெக்' தொடருக்கு மேட் ஜெஃபரிஸ் செய்த வட்டமான கட்டுப்பாட்டு அறையும் கேக் துண்டு போலப் பிரிந்து வரும்படிதான் கட்டப்பட்டது.

வேற்றுலகத்தாராக நடித்தவர்கள் எங்கள் பக்கத்தில் அடிமுறை என்ற தற்காப்புக் கலை கற்பிக்கும் ஆசானின் மாணவர்கள். தாழ்ந்த நிலையில் நின்று பழகிய கால்கள். ஒரு வாரம் அந்தப் படிகளில் ஏறி இறங்கிப் பயிற்சி எடுத்தார்கள். மனிதர்களாக நடித்தவர்களுக்குப் படப்பிடிப்பு நாள் வரை செட்டைக் காட்டவே இல்லை. முதல் ஷாட்டில் கதாநாயகிக்கு மூன்றாவது படியில் மூச்சு வாங்கியது, வாசலில் நெற்றி இடித்தது. அவர் பின்னால் வந்த ஆசான் மகன் தண்ணீர் ஓடுவது போல மேலே போனான். இது யாருடைய கப்பல் என்று அதற்கு மேல் வசனம் எழுத வேண்டியிருக்கவில்லை, எழுதியிருந்த இரண்டு வரியை இயக்குநர் அங்கேயே அடித்துவிட்டார்.

சுவருக்கு ஃபைபர் மோல்டிங் போட்டால் பணம் போதாது. குலசேகரம் பக்கம் போனபோது புகைக்கூட்டில் ரப்பர் ஷீட் தொங்குவதைப் பார்த்தேன். வாழ்நாள் முழுக்கப் பார்த்ததுதான். அன்றைக்குப் பின்னாலிருந்து வெயில் அடித்தது. கருப்பட்டிப் பாகின் நிறத்தில், வரி வரியாக, ஏதோ ஒரு மிருகத்தின் தோலுக்குள் நிற்பது போல இருந்தது. அப்படியே வாங்கி வந்து ரீப்பர் சட்டத்தில் இழுத்துக் கட்டி, பின்னால் எல்.இ.டி. வைத்தோம். சூடாகும் விளக்கை அருகில் கொண்டுபோகாதீர்கள், ஷீட் இளகி ஒட்டிக்கொள்ளும். அந்தப் புகை வாடையை டி.வி.யில் காட்ட முடியாதுதான். ஆனால் உள்ளே நுழைந்த நடிகர்களின் முகம் மாறியதில் பாதி அந்த வாடையால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

விண்வெளியில் மேலும் இல்லை கீழும் இல்லை, படி எதற்கு என்று நண்பர்கள் கேட்கிறார்கள். எல்லாரையும் ஒவ்வொரு காட்சியிலும் கம்பியில் தொங்கவிட்டுத் தொடர் எடுக்க முடியாது என்பது ஒரு காரணம். இன்னொன்றும் இருக்கிறது. சோவியத் கட்டடக் கலைஞர் கலினா பலஷோவா 1960களிலிருந்து சோயுஸ் விண்கலங்களின் உட்புறத்தை வடிவமைத்தார். எடையே இல்லாத இடத்தில் அவர் பச்சை நிறத்தில் ஒரு தரை வைத்தார், வெளிர் நிறத்தில் கூரை வைத்தார், ஒரு சோபாவும் அலமாரியும் வைத்தார். தான் தீட்டிய நீர்வண்ண இயற்கைக் காட்சிகளையும் உள்ளே மாட்டக் கொடுத்தார். அவை மாட்டப்பட்ட வாழும் பகுதி பூமிக்குத் திரும்பாமல் வளிமண்டலத்தில் எரிந்துவிடும், ஓவியங்களும் அதோடு எரிந்தன. எந்த உயிரும் தன் ஊரைச் சுமந்துகொண்டுதான் கிளம்பும். அவர்களுடைய ஊரில் மலை செங்குத்தாக இருந்தால் கப்பலிலும் படி செங்குத்தாகத்தான் இருக்கும்.

ஒரு விஷயத்தில் நான் தோற்றேன். அதையும் மறைக்க விரும்பவில்லை. தயாரிப்புத் தரப்பிலிருந்து செட்டைப் பார்க்க வந்தவர்கள், தலைவன் யார் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும், நடுவில் ஒரு நாற்காலி வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். உட்காராத இனம் இது, தலைவன் சாயும் பலகை மட்டும் மற்றவற்றைவிட ஒன்பது பங்கு உயரமாக இருக்கிறது பாருங்கள் என்று காட்டினேன். கேட்கவில்லை. நாற்காலி வந்தது. ஆசாரி அதைச் செய்ய மறுத்துவிட்டார், வெளியிலிருந்து வாங்கி பெயின்ட் அடித்தோம். இரண்டு எபிசோடில் அது தெரியும். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்கு வலிக்கிறது. அந்த இரண்டு எபிசோடிலும் நடிகர் அதில் உட்காரும் நொடியில் அவர் மறுபடி நம் ஊர்க்காரராகிவிடுகிறார்.

அடுத்த ஆறு மாதத்தில் தமிழிலும் மலையாளத்திலும் இப்படிப்பட்ட தொடர் செய்யப்போகிறவர்கள் என் நட்பு வட்டத்திலேயே நாலைந்து பேர் இருக்கிறீர்கள். செட் இந்த மாதக் கடைசி வரை பிரிக்காமல் இருக்கும், ஆலைக்காரரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். வாருங்கள், காட்டுகிறேன். காலையில் வந்தால் முதலில் அரண்மனையைப் பார்த்துவிடலாம், திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், விடுமுறை. இந்திரவிலாசத்தில் பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். அப்புறம் ஆலைக்குப் போவோம். ஆசாரியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், அந்த அயனிக் கோல் அவரிடம்தான் இருக்கிறது. வாசலில் தலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.