ரோசன்னாவின் மகன்

மேற்கிந்தியத் தீவுகள் அணியின் ஆட்டங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு காம்ப்பெல் என்ற பெயர் புதிதல்ல. ஷெர்வின் காம்ப்பெல், அவருக்கு வெகுகாலம் பின்னால் ஜான் காம்ப்பெல். ஸ்காட்லாந்தின் ஆர்கைல் பகுதியை ஆண்ட குலத்தின் பெயர் அது. ஜமைக்காவில் தெருவுக்கு நாலு காம்ப்பெல்கள் இருப்பார்கள். கிளாஸ்கோ, அபர்தீன், கல்லோடன் என்ற ஸ்காட்லாந்துப் பெயர்களில் ஊர்களும் அங்கே உண்டு.

இதை 'ஸ்காட்டியப் பாரம்பரியம்' என்று கட்டம்போட்ட கம்பளித் துணியும் குலச்சின்னமுமாகக் கொண்டாடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. வேரைத் தேடுவது யாருக்கும் உள்ள உரிமை. ஆனால் தகப்பன் வழியைப் பிடித்துக்கொண்டு கோட்டை வாசல்வரை போகிறவர்கள், தாய் வழியை அடிமைகள் உழைத்த கரும்புத் தோட்டத்திலேயே விட்டுவிடுகிறார்கள். எனக்கு மனம் ஆறாதது அங்கேதான்.

வெடர்பர்ன் குடும்பத்தின் கதையைக் கேளுங்கள். 1746இல் ஸ்காட்லாந்தில் நடந்த கல்லோடன் போரில் அரசை எதிர்த்துத் தோற்ற தரப்பில் நின்றதற்காக சர் ஜான் வெடர்பர்ன் லண்டனில் தூக்கிலிடப்பட்டார். சொத்தும் போயிற்று. மகன்கள் ஜானும் ஜேம்ஸும் ஜமைக்காவுக்குக் கப்பலேறினார்கள். தகப்பனை அரசுக்குப் பறிகொடுத்த அந்தப் பிள்ளைகள், அங்கே நூற்றுக்கணக்கான அடிமைகளுக்கு எஜமானர்கள் ஆனார்கள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். வந்தும் தெரியாதவர்கள் இவர்கள்.

ஜேம்ஸிடம் அடிமையாக இருந்தவர் ரோசன்னா. தன் பிள்ளையைச் சுமந்த அந்தப் பெண்ணை, ஐந்து மாத வயிற்றோடு ஜேம்ஸ் விற்றார். பிறக்கும் பிள்ளைக்கு மட்டும் விடுதலை என்பது விற்பனை நிபந்தனை. 1762இல் பிறந்த அந்தப் பிள்ளைதான் ராபர்ட் வெடர்பர்ன். அவரை வளர்த்தவர், கிங்ஸ்டனில் சரக்கு விற்றுவந்த அடிமைப் பாட்டி டாக்கி ஏமி. எழுபது வயதான அந்தப் பாட்டியைச் சூனியக்காரி என்று பழிசுமத்திச் சாட்டையால் அடித்ததைச் சிறுவன் ராபர்ட் கண்ணால் பார்த்தார்.

பிரிட்டனுக்கு வந்த ராபர்ட், கையில் காசில்லாத நாளில் எடின்பரோ அருகே இன்வெரெஸ்க்கில் இருந்த தகப்பன் வீட்டுக்குப் போனார். ஜேம்ஸ் மகனென்று ஒப்பவில்லை. சமையற்காரர் ஒரு கோப்பை மட்டமான பீர் கொடுத்தார். வேலைக்காரர் விரிசல் விட்ட ஆறு பென்னிக் காசு ஒன்றைக் கொடுத்தார். தகப்பன் வீட்டில் கிடைத்தது அவ்வளவுதான். 1824இல் ராபர்ட் இதையெல்லாம் எழுதி வெளியிட்டார். அடிமை முறைக்கு எதிராக லண்டனில் முழங்கினார்.

ஜேம்ஸின் அண்ணன் ஜான், ஜோசப் நைட் என்ற அடிமையை ஸ்காட்லாந்துக்கு அழைத்துவந்தார். நைட் வழக்காடினார். ஸ்காட்லாந்துச் சட்டம் அடிமைத்தனத்தை ஏற்காது என்று 1778இல் எடின்பரோ உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே நாட்டவர்களின் தோட்டங்களில் சாட்டை மட்டும் ஓயவில்லை.

எல்லாத் தகப்பன்களும் ஜேம்ஸ் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். டெமராராவில் (இன்றைய கயானாவில்) ஹன்னா ரோஸுக்கு 1856இல் பிறந்த ஆண்ட்ரூ வாட்சனை, ஸ்காட்டியத் தகப்பன் பிரிட்டனில் நல்ல பள்ளிகளில் படிக்கவைத்தார். 1881இல் ஸ்காட்லாந்துக் கால்பந்து அணிக்குத் தலைமை தாங்கி, லண்டனில் இங்கிலாந்தை 6-1 என்று வென்றவர் அவர். அந்தப் புகழிலும் ஹன்னா ரோஸின் பெயரை எத்தனை பேர் சொல்கிறார்கள்?

காம்ப்பெல் என்ற பெயர் இருந்தால் காம்ப்பெல் இரத்தம் ஓடுகிறது என்றும் சொல்லிவிட முடியாது. ஞானஸ்நானத்தின்போதும் விடுதலையின்போதும் எஜமானின் பெயரை ஏற்றவர்கள் ஏராளம். அடிமை முறையை ஒழித்த 1833 சட்டப்படி 2 கோடி பவுண்டு இழப்பீடு கொடுத்தார்கள்; எஜமானர்களுக்கு. அடிமையாக இருந்தவருக்கு ஒரு பென்னி கிடையாது.

ஜமைக்காவில் 1817 முதல் எழுதப்பட்ட அடிமைப் பதிவேடுகள் இன்றும் இருக்கின்றன. பெயர், நிறம், வயது, ஆப்பிரிக்காவில் பிறந்தவரா தீவில் பிறந்தவரா என்று கட்டம் கட்டமாகக் குறித்திருக்கிறார்கள். கடைசிக் கட்டத்தில் பலருக்கு இன்னாரின் பிள்ளை என்று தாயின் பெயர் இருக்கிறது. தகப்பனுக்கு அங்கே கட்டமே இல்லை.

இன்வெரெஸ்க் வீட்டின் தோட்டத்தை இன்று ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை பராமரிக்கிறது. யாரும் உள்ளே போய்ப் பார்க்கலாம். போகிறவர்கள் அந்த வாசலில் ஒரு நிமிடம் நின்று, ரோசன்னா, டாக்கி ஏமி என்று இரண்டு பெயர்களை வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போங்கள்.