இட்லிச் சட்டியில் பேஸ் கம்பி

(சிங்கப்பூர் தேக்கா உணவு நிலையம், ஞாயிறு பகல், உட்கார இடமில்லாத கூட்டம். டிஷ்யூ பொட்டலம் வைத்துப் பிடித்த இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் குமார், மற்றொன்றில் உறை போட்ட அவனுடைய பேஸ் கிட்டார். மாமா நுரைக்க ஆற்றிய தே தாரிக் தேநீரோடு நிற்கிறார்.)

மாமா: அதை இறக்கி வைடா, நான் உட்கார வேண்டாமா? காலையில் உங்கம்மா போன் போட்டு அழாத குறை. இட்லிச் சட்டியைத் திறந்தால் உள்ளே நாலு கம்பி பாம்புக்குட்டி மாதிரி சுருண்டு கிடக்கிறதாமே!

குமார்: பழைய ஸ்ட்ரிங் மாமா. கொதிக்கிற தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டால் சுற்றுக்குள் புகுந்திருக்கிற வேர்வை, எண்ணெய், செத்த தோல் எல்லாம் வெளியே வந்து சத்தம் மறுபடி பளிச்சென்று கேட்கும்.

மாமா: செத்த தோலா? உங்கம்மா டப்பாவில் கொடுத்தனுப்பிய ஆறு இட்லியை இப்போதுதான் தின்றுவிட்டு வருகிறேன்.

குமார்: அது முதல் ஈடு மாமா. கம்பி அடுத்த ஈடு.

மாமா: நல்லவேளை. சத்தம் வந்ததா?

குமார்: வரும், ஆனால் நிற்காது. சரியாகக் காயவைக்காவிட்டால் நம் ஊர் ஈரக்காற்றுக்குத் துரு வேறு பிடிக்கும். புதுசு வாங்கலாம் என்றுதான் பெனின்சுலாவில் இருக்கிற கிட்டார் கடைக்குப் போனேன்.

மாமா: கையில் ஒன்றும் காணோமே?

குமார்: எதை வாங்குவது? ரவுண்ட்வவுண்ட், ஃபிளாட்வவுண்ட், இரண்டுக்கும் நடுவில் பாதி இழைத்த ஹாஃப் ரவுண்ட், மேலே நைலான் சுற்றிய டேப்வவுண்ட், அதிலும் நிக்கல் பூசிய ஸ்டீலா, ஸ்டெயின்லெஸ்ஸா, சுத்த நிக்கலா, அப்புறம் வேர்வை உள்ளே இறங்காதபடி மேல்பூச்சுப் போட்டது வேறு. ஒவ்வொரு பெட்டியாக எடுத்துப் படித்துக்கொண்டே இருந்தேன், கடைக்காரர் வந்து பசியாறிவிட்டீர்களா என்று கேட்டார்.

மாமா: போய்த் தொலை என்று அர்த்தம். சரி, ரவுண்டுக்கும் ஃபிளாட்டுக்கும் என்ன வித்தியாசம், அதைச் சொல்.

குமார்: நடுக்கம்பி மேல் உருண்டைக் கம்பியைச் சுற்றினால் ரவுண்ட். தொட்டால் வரிவரியாக இருக்கும், விரலை இழுத்தால் கீச்சென்னும், சத்தம் கணீரென்று வரும், ஆனால் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கிற ஃபிரெட்டைச் சீக்கிரம் தேய்த்துவிடும். 1966இல் தி ஹூ குழுவில் பேஸ் வாசித்த ஜான் என்ட்விசில், கம்பி செய்கிற ரோட்டோசவுண்ட்காரர்களோடு உட்கார்ந்து தனக்குப் பிடித்த மாதிரி செய்ய வைத்தார், அப்புறம் ராக்கில் எங்கே பார்த்தாலும் அதுதான். பட்டைக் கம்பியைச் சுற்றினால் ஃபிளாட். வழவழவென்று இருக்கும், சத்தம் கனமாக, அடக்கமாக வரும், விலையும் கூட.

மாமா: எவ்வளவு கூட?

குமார்: ரவுண்ட் ஒரு செட் 40 வெள்ளி பக்கம் என்றால் இது ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் வருஷக்கணக்கில் வரும். அமெரிக்காவில் மோடவுன் என்ற இசைக் கம்பெனியின் பாட்டுகளுக்கெல்லாம் பேஸ் வாசித்தாரே ஜேம்ஸ் ஜேமர்சன், அவர் ஃபிளாட்தான். அறுந்தால் ஒழிய மாற்றவே மாட்டாராம்.

மாமா: அவித்தாரா?

குமார்: இல்லை.

மாமா: அவர் வீட்டில் இட்லி நிம்மதியாக வெந்திருக்கும். அதையே வாங்கித் தொலையேன்.

குமார்: அவர் போட்டது தடிமன் 52இலிருந்து 110, என் விரல் தாங்காது. சாதாரணமாக எல்லோரும் போடுவது 45, 65, 85, 105. அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்து அதில் 45 பங்கு தடிமன், அந்தக் கணக்கு. தடிமன் ஏறினால் இழுவிசை ஏறும், கழுத்து முன்னால் வளையும், அதை நிமிர்த்த உள்ளே இருக்கிற ட்ரஸ் ராடைத் திருக வேண்டும், கழுத்து நுனியில் கம்பி உட்காரும் நட்டில் இருக்கிற காடிக்குள் கம்பி இறங்காமலும் போகலாம். எல்லாவற்றையும் போனில் அட்டவணை போட்டு வைத்திருக்கிறேன், பாருங்கள்.

மாமா: (அட்டவணையைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார். முடிகிற வழியாக இல்லை.) நடுக்கம்பி அறுகோணமா, உருண்டையா?

குமார்: என்னது?

மாமா: கப்பல் பட்டறையில் நான் காலமெல்லாம் இழுத்தது என்ன, நூடுல்ஸா? உருண்டைக் கம்பி மேல் சுற்றினது வழுக்கும். மடக்கி முறுக்காமல் நுனியை வெட்டினால் சுற்று தளர்ந்துவிடும், கம்பி செத்துப்போச்சு. அறுகோணம் என்றால் மூலையில் பிடித்துக்கொள்ளும். அட்டவணையில் அது எந்தக் கட்டம்?

குமார்: ...அந்தக் கட்டம் இல்லை மாமா.

மாமா: கம்பி அதிர்கிற நீளம் எவ்வளவு?

குமார்: பேஸ் என்றால் 34 அங்குலம்தானே?

மாமா: அளந்தாயா?

குமார்: ஊர் உலகத்தில் எல்லாம்...

மாமா: உறையைக் கழற்று. (சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுக்கிறார். பட்டறையை விட்டு வந்தாலும் நாடா அவரை விட்டுப் போகவில்லை. பிரியாணித் தட்டை நகர்த்தி கிட்டாரை மேசையில் கிடத்துகிறார்கள், பக்கத்து மேசைச் சீனப் பாட்டி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்கிறார்.) நட்டிலிருந்து 12ஆவது ஃபிரெட் வரைக்கும் 15 அங்குலம். அது பாதி. ஆக?

குமார்: முப்பதா! அப்போ இது நீளம் குறைந்த ஷார்ட் ஸ்கேலா?

மாமா: வாங்கி இரண்டு வருஷம் ஆகிறது, அளவு தெரியாமல் அட்டவணை ஒரு கேடா?

குமார்: நான் எழுதி வைத்தது எல்லாமே 34க்கு. அதை இதில் மாட்டினால் நுனியில் மெலிகிற இடம் வருவதற்கு முன்னாலேயே தடித்த பகுதி முறுக்காணியில் சுற்றும், அறுந்தே போகலாம். எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்க்க வேண்டும்...

மாமா: பார்க்க ஒன்றுமில்லை. ஷார்ட் ஸ்கேல் என்று பெட்டியிலேயே போட்டிருக்கும், அதில் 45-105 எடு. எங்கே வாசிக்கிறாய்?

குமார்: சமூக மன்றத்துத் தீபாவளி நிகழ்ச்சியில். டிரம்ஸ், இரண்டு தவில், கீபோர்டு, நான்.

மாமா: இரண்டு தவிலா! அப்போ ரவுண்டே போடு, கணீரென்று கேட்டால்தான் நீ மேடையில் இருப்பதே தெரியும்.

குமார்: எங்கே கேட்கப் போகிறது? கீபோர்டுக்காரன் இடது கையால் பேஸ் நோட்டையும் சேர்த்து அவனே அடித்துவிடுகிறான்.

மாமா: இதையல்லவா முதலில் சொல்ல வேண்டும்! எவன்டா அவன்? அவன் இடது கையைக் கட்டிப்போட்டுவிட்டு அப்புறம் கம்பி வாங்கு.

குமார்: உங்கள் வருங்கால மருமகன்தான் மாமா.

மாமா: (தே தாரிக்கை ஒரே மூச்சில் குடித்துவிட்டு) ஃபிளாட்டே வாங்கு. அடக்கமாக இருக்கட்டும்.