கவுண்டி ஆபீஸில் அழுத பிள்ளைக்குத்தான் பால்

டெக்ஸாஸில் வீடு வாங்கிய நம் ஆட்களிடம் கிரீன் கார்டுக்கான ஐ-140 மனு எந்த நிலையில் இருக்கிறது என்று கேளுங்கள், தேதியோடு சொல்வார்கள். வீடு எந்தக் கவுண்டியில் இருக்கிறது என்று கேளுங்கள், "ஃப்ரிஸ்கோ" என்பார்கள். கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி. ஃப்ரிஸ்கோ ஊர். அதன் கிழக்குப் பகுதி காலின் கவுண்டி, மேற்குப் பகுதி டென்டன் கவுண்டி. கேட்டி என்று முகவரி இருந்தால் ஹாரிஸ், ஃபோர்ட் பெண்ட், வாலர் மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். மீனாட்சி அம்மன் கோயில் இருக்கிற பேர்லண்டில்கூடப் பெரும்பகுதி பிரசோரியா, ஓரங்கள் மட்டும் ஹாரிஸும் ஃபோர்ட் பெண்டும். எந்தக் கவுண்டி என்று தெரியாமல் எந்த விண்ணப்பத்தையும் சரியான இடத்தில் கொடுக்க முடியாது. கொடுக்காவிட்டால் தானாக எதுவும் வராது. டெக்ஸாஸில் 254 கவுண்டி இருக்கின்றன. எந்தக் கவுண்டியும் வீடு தேடி வந்து "உங்களுக்கு இந்தச் சலுகை உண்டு" என்று சொல்லாது.

முதலில் யார் எதற்குப் பொறுப்பு என்பது. பெயர்களே ஆளைக் குழப்பும். கவுண்டி ஜட்ஜ் என்பவர் பெரிய கவுண்டிகளில் தீர்ப்புச் சொல்கிறவர் அல்ல. நான்கு கமிஷனர்களோடு உட்கார்ந்து பட்ஜெட் போடுகிறவர். அந்தக் குழுவுக்குக் கமிஷனர்ஸ் கோர்ட் என்று பெயர். டாக்ஸ் அசெஸர்-கலெக்டர் என்றதும் நம்மூர் மாவட்ட கலெக்டர் ஞாபகம் வரும், ஆனால் இவர் வேலை சொத்து வரியை வசூலிப்பதுதான். வீட்டுக்கு மதிப்புப் போடுவது அப்ரெய்சல் டிஸ்ட்ரிக்ட் என்ற தனி அமைப்பு. வரி விகிதத்தை வைப்பது பள்ளி வாரியம், நகராட்சி, கமிஷனர்ஸ் கோர்ட், தண்ணீர், சாக்கடை வசதி செய்து தரும் எம்.யு.டி. என்று ஆளாளுக்கு. "வரி ஏறிவிட்டது" என்று டாக்ஸ் ஆபீஸ் கவுண்டரில் போய்ச் சண்டை போடுவதால் ஒரு சென்ட்கூடக் குறையாது. அங்கே இருப்பவர் பில்லை அச்சடித்துக் கொடுக்கிறவர், அவ்வளவுதான்.

சொந்த வீட்டில் குடியிருப்பவர்கள் முதலில் வாங்க வேண்டியது ஹோம்ஸ்டெட் எக்ஸெம்ப்ஷன், அதாவது குடியிருக்கும் வீட்டுக்கான வரிச் சலுகை. 2025 நவம்பர் வாக்கெடுப்புக்குப் பிறகு பள்ளி வரிக்கு மட்டும் வீட்டு மதிப்பில் 1,40,000 டாலர் கழிகிறது. பள்ளி வரி நூறு டாலருக்கு ஒரு டாலர் என்று வைத்துக்கொண்டாலும் வருடத்துக்கு 1,400 டாலர் மிச்சம். இதற்குக் குடியுரிமையும் வேண்டாம், கிரீன் கார்டும் வேண்டாம். எச்-1பி வேலை விசாவில் இருப்பவருக்கும் உண்டு. பத்திரத்தில் பெயர் இருக்க வேண்டும், அந்த வீட்டில் குடியிருக்க வேண்டும், டெக்ஸாஸ் டிரைவிங் லைசென்ஸில் அதே முகவரி இருக்க வேண்டும். விண்ணப்பம் தள்ளப்படுவது பெரும்பாலும் இந்த மூன்றாவதில்தான். லைசென்ஸில் பழைய அபார்ட்மெண்ட் முகவரியே இருக்கும். அதை முதலில் மாற்றிவிட்டு, 50-114 என்ற படிவத்தை உங்கள் அப்ரெய்சல் டிஸ்ட்ரிக்ட் தளத்திலேயே நிரப்பி, லைசென்ஸ் நகலை ஏற்றினால் முடிந்தது. கட்டணம் கிடையாது. வீடு பதிவான சில வாரங்களில் "உங்கள் ஹோம்ஸ்டெட் விண்ணப்பத்தை நாங்கள் செய்து தருகிறோம்" என்று அரசு முத்திரை போலவே ஒன்றைப் போட்டு, காசு கேட்டு ஒரு கடிதம் வரும். கிழித்துப் போடுங்கள்.

கெடு ஏப்ரல் 30. தவறவிட்டவர்கள் தலையில் கைவைக்க வேண்டாம். வரி கெடு தாண்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டு வரை தாமத விண்ணப்பம் ஏற்பார்கள், ஏற்கெனவே கட்டியிருந்தால் பணம் திரும்பும். ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் போதும் என்றும் இருந்துவிடக் கூடாது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையாவது தகுதியைச் சரிபார்க்க வேண்டும் என்று 2023-இல் சட்டம் வந்துவிட்டது. அந்தக் கடிதத்தைக் குப்பை மெயில் என்று தூக்கிப்போட்டால் சலுகை போகும்.

இதன் மறுபக்கம் ஒன்று உண்டு. பெரிய வீடு வாங்கிக்கொண்டு போய், பழைய வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, அதன் ஹோம்ஸ்டெட்டை ரத்து செய்யாமல் விடுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். அது சாமர்த்தியம் அல்ல. கண்டுபிடித்தால் ஐந்து ஆண்டு வரை பின்னோக்கி வரி போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

ஹோம்ஸ்டெட்டோடு கூடவே வருவது 10 சதவீத வரம்பு. சந்தை மதிப்பு எவ்வளவு ஏறினாலும் வரிக்கு எடுத்துக்கொள்ளும் மதிப்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. ஆனால் சலுகை கிடைத்த முதல் ஆண்டுக்கு அடுத்த ஆண்டில்தான் இது தொடங்கும். புதிதாகக் கட்டிய நீச்சல் குளமோ கூடுதல் அறையோ இந்த வரம்புக்குள் வராது.

புது வீட்டுக்காரர்கள் மாட்டிக்கொள்ளும் பெரிய பொறி எஸ்க்ரோ, அதாவது வரி கட்டுவதற்காக வங்கி மாதத் தவணையோடு சேர்த்துப் பிடித்து வைக்கும் பணம். மதிப்புக் கணக்கு ஜனவரி 1 அன்று இருந்த நிலைக்கு. பில்டரிடம் ஜூனில் வாங்கிய வீடு அந்த ஜனவரி 1-இல் வெறும் மனையாக இருந்திருக்கும். மனை 1,00,000 டாலர், மொத்த வரி 2 சதவீதம் என்றால் முதல் பில் 2,000. அதை வைத்து வங்கி மாதம் 167 டாலர் பிடிக்கும். அடுத்த ஜனவரியில் முழு வீடு, 5,00,000 என்று வையுங்கள். பள்ளி வரி 1 சதவீதம் 3,60,000-க்கு 3,600, மற்றவை 1 சதவீதம் 5,00,000-க்கு 5,000, ஆக 8,600. மாதம் 717 பிடித்திருக்க வேண்டும், பிடித்தது 167. அந்த ஆண்டின் பள்ளம் 6,600-ஐ அடுத்த 12 மாதத்தில் பரப்பினால் மாதம் 550. அதோடு புது 717. ஆக 1,267. மாதத் தவணையில் ஒரே அடியாக 1,100 டாலர் ஏற்றம். வங்கியைத் திட்டுவார்கள், வங்கி மேல் தப்பில்லை. வீடு வாங்கிய மாதத்திலிருந்தே முழு மதிப்புக்கு வரியைக் கணக்குப் போட்டு, வித்தியாசத்தைத் தனியாக எடுத்து வைப்பது ஒன்றுதான் வழி. எஸ்க்ரோவில் கூடுதலாகக் கட்டச் சொல்லி வங்கியிடம் கேட்டும் பார்க்கலாம்.

வசந்தத்தில் மதிப்பு நோட்டீஸ் வரும். பிடிக்கவில்லை என்றால் ப்ரொட்டெஸ்ட், அதாவது ஆட்சேபம். கெடு மே 15, அல்லது நோட்டீஸ் அனுப்பிய நாளிலிருந்து 30 நாள், எது பிந்தியதோ அது. இணையத்தில் பத்து நிமிட வேலை. அங்கே இரண்டு காரணங்களையும் டிக் செய்யுங்கள்: சந்தை மதிப்பைவிட அதிகம் என்பது ஒன்று, பக்கத்து வீடுகளோடு ஒப்பிட்டால் சமமாக இல்லை என்பது இன்னொன்று. ஒன்றை விட்டுவிட்டால் விசாரணையில் அதைப் பேச முடியாமல் போகும். மே மாதத்தில் வாட்ஸப் குழுவில் கேட்கிறார்கள், "என்ன ஆதாரம் கொண்டு போகணும்?" வரி கட்ட முடியவில்லை, வேலை போய்விட்டது என்பதெல்லாம் ஆதாரம் அல்ல. ஆட்சேபத்தை விசாரிக்கும் அப்ரெய்சல் ரிவ்யூ போர்டுக்கு வரியைக் குறைக்க அதிகாரமே கிடையாது, மதிப்பை மட்டும்தான் தொட முடியும்.

முதலில் உங்கள் வீட்டைப் பற்றி அப்ரெய்சல் டிஸ்ட்ரிக்ட்காரர்கள் எழுதி வைத்திருப்பது சரியா பாருங்கள். சதுர அடி, குளியலறை எண்ணிக்கை, கட்டிய ஆண்டு, நீச்சல் குளம். இதில் ஒரு பிழை இருந்தால் வாதமே தேவைப்படாது. அடுத்து, அதே சப்டிவிஷனில் (ஒன்றாக மனை பிரித்த குடியிருப்பில்) அளவிலும் வயதிலும் நெருக்கமான வீடுகளின் மதிப்பை அவர்கள் தளத்திலேயே எடுத்து, சதுர அடிக்கு எவ்வளவு என்று வரிசைப்படுத்துங்கள். நடு எண்ணைவிட உங்களுடையது மேலே இருந்தால் அதுவே உங்கள் வழக்கு. உங்களுக்குச் சாதகமான மூன்று வீட்டை மட்டும் பொறுக்கிக்கொண்டு போனால் எதிரே இருப்பவர் ஏழு வீட்டைக் காட்டுவார். அஸ்திவார விரிசல், ஒழுகும் கூரை இருந்தால் படம் மட்டும் போதாது, பழுதுபார்க்க எவ்வளவு ஆகும் என்று ஒப்பந்தக்காரர் எழுதிக் கொடுத்த மதிப்பீடும் வேண்டும். டெக்ஸாஸில் விற்பனை விலையை அரசுக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே ஜனவரி 1-ஐ ஒட்டிக் குறைந்த விலைக்கு வாங்கியிருந்தால், வாங்கிய விலை இருக்கும் குளோசிங் ஸ்டேட்மெண்டைக் காட்டுங்கள். கூடுதல் விலைக்கு வாங்கியிருந்தால் அதை நீங்களாகப் போய்க் காட்ட வேண்டியதில்லை.

அவர்கள் வைத்திருக்கும் ஆதாரத்தையும் எழுத்தில் கேளுங்கள். விசாரணைக்கு 14 நாள் முன்னால் தர வேண்டும். கேட்டும் தராததை விசாரணையில் அவர்கள் பயன்படுத்தக் கூடாது. அதற்கு முன்னால் அப்ரெய்சருடன் ஒரு நேர்ப்பேச்சு நடக்கும், பலருக்கும் அங்கேயே ஒரு குறைப்பு கிடைத்துவிடும். சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் அந்த ஆண்டு வழக்கு முடிந்தது என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

சேமிப்பில் பங்கு வாங்கிக்கொண்டு இதைச் செய்து தரும் நிறுவனங்கள் உண்டு. நேரமில்லாதவர்கள் கொடுக்கட்டும், என் பார்வையில் அது கேவலம் ஒன்றுமில்லை. ஆனால் ஒப்பந்தத்தில் "சேமிப்பு" என்றால் என்ன என்று படியுங்கள். 10 சதவீத வரம்பால் உங்கள் வரி மதிப்பு ஏற்கெனவே சந்தை மதிப்புக்குக் கீழே இருந்தால், சந்தை மதிப்பு சற்றே குறைவதால் இந்த ஆண்டு வரி குறையாமலே இருக்கலாம். குறையாத வரிக்குக் கட்டணம் கட்ட நேரிடும்.

வரி பில் அக்டோபர் வாக்கில் வரும், கடைசி நாள் ஜனவரி 31. பிப்ரவரி பிறந்தால் 7 சதவீதம் கூடும், ஜூலையில் 18 சதவீதம் ஆகும், அதன்மேல் வசூல் செலவு என்று 20 சதவீதம் வரை போடலாம். "பில் வரவில்லை" என்பது சட்டப்படி சாக்கு ஆகாது. கடன் ஒரு வங்கியிடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறிய ஆண்டில்தான் இது சறுக்கும். டிசம்பர் கடைசியில் டாக்ஸ் ஆபீஸ் தளத்தில் வீட்டு முகவரியைத் தட்டி, கட்டியாயிற்றா என்று பார்த்துவிடுங்கள்.

வாடகைக்கு இருப்பவர்களுக்குக் கவுண்டியில் பயன்படுவது ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் நீதிமன்றம். 20,000 டாலர் வரையிலான வழக்குக்கு வக்கீல் இல்லாமலே போகலாம். அபார்ட்மெண்ட் அட்வான்ஸைத் திருப்பித் தராதவர்கள் மேல் இங்கேதான் போட வேண்டும். காலி செய்த 30 நாளுக்குள் பணமோ, பிடித்ததற்குக் கணக்கோ வர வேண்டும். கெட்ட எண்ணத்தோடு பிடித்து வைத்தது உறுதியானால் 100 டாலரும், தவறாகப் பிடித்த தொகையின் மூன்று மடங்கும் கிடைக்கும். ஆனால் உங்கள் புது முகவரியை எழுத்தில் கொடுத்திருக்க வேண்டும். சாவியைக் கொடுக்கும்போது அந்த ஒரு வரி மின்னஞ்சலை அனுப்பாததால்தான் பலருடைய வழக்கு நிற்பதில்லை.

கார் விஷயத்தில் குழப்பம் இது: லைசென்ஸ் மாநில டி.பி.எஸ். அலுவலகத்தில், வண்டிப் பதிவும் டைட்டில் (உரிமைப் பத்திரம்) மாற்றமும் கவுண்டி டாக்ஸ் ஆபீஸில். வேறு மாநிலத்திலிருந்து வந்தவர் 30 நாளுக்குள் வண்டியைப் பதிய வேண்டும். வண்டியை விற்றால் டைட்டிலில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததோடு நிற்காதீர்கள். வாங்குபவரோடு டாக்ஸ் ஆபீஸுக்கே போய் மாற்றிவிடுங்கள், நம்பர் பிளேட்டைக் கழற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அவர் ஓடுகிற டோல் ரோட்டுக்கெல்லாம் பில் உங்கள் வீட்டுக்கு வரும்.

கோயிலில் கல்யாணம் வைக்கிறவர்கள் மேளம் பேசுவதற்கு முன்னால் பதிவேடுகளை வைத்திருக்கும் கவுண்டி கிளார்க்கிடம் திருமண லைசென்ஸ் வாங்க வேண்டும். வாங்கி 72 மணி நேரம் கழித்துத்தான் தாலி கட்டலாம், 90 நாளில் காலாவதி. முடிந்ததும் குருக்கள் கையெழுத்திட்ட தாளைத் திரும்ப அனுப்பிப் பதிய வேண்டும், 30 நாளுக்குள். அந்தத் தாள் குருக்கள் மேசையிலேயே தங்கிவிட்டால், பிறகு விசாவுக்குச் சான்றிதழ் கேட்கும்போதுதான் தெரியவரும்.

ஜூரி சம்மன் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். லைசென்ஸ் பட்டியலிலிருந்தும் பெயர் எடுப்பதால் எச்-1பி-காரருக்கும் வரும். "நான் குடிமகன் இல்லையே" என்று குப்பையில் போடக் கூடாது. குடிமகன் அல்ல என்ற கட்டத்தை டிக் செய்து திருப்பி அனுப்ப வேண்டும். அதைவிட முக்கியம், கிரீன் கார்டில் இருப்பவர்கள் வாக்காளர் பதிவுப் படிவத்தில் யார் நீட்டினாலும் கையெழுத்துப் போடக் கூடாது. அந்த ஒரு கையெழுத்து குடியுரிமைக் கனவையே கெடுத்துவிடும்.

கவுண்டி கிளார்க்கிடம் இருக்கும் இன்னொரு காகிதத்தை நம்மில் யாரும் கேட்பதில்லை: உங்கள் சப்டிவிஷனின் பதிவான மனை வரைபடம். ப்ளாட் என்பார்கள். 2017-இல் ஹார்வி புயலின்போது ஹூஸ்டனுக்கு மேற்கே பார்க்கர் நீர்த்தேக்கத்தை ஒட்டிய ஃபோர்ட் பெண்ட் வீடுகளில் தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. அங்கே சில சப்டிவிஷன்களின் ப்ளாட்டில், ராணுவப் பொறியியல் துறையின் கட்டுப்பாட்டில் இந்த இடத்தில் நீண்ட நாள் தண்ணீர் தேக்கப்படலாம் என்று பொடி எழுத்தில் ஒரு வரி பல ஆண்டுகளாகவே இருந்தது. வாங்கியவர்கள் பலர் அந்த வரியைப் பார்த்ததே இல்லை. ப்ளாட்டைக் கிளார்க்கின் தளத்தில் சப்டிவிஷன் பெயரைப் போட்டுத் தேடலாம், பிரதிக்குச் சில டாலர் ஆகும். கிரானைட் நிறம் பார்ப்பதற்கு முன்னால், ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ள இடம் தரும் ஆப்ஷன் பீரியட் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை எடுத்து ஓரத்துக் குறிப்புகள் வரைக்கும் படியுங்கள்.