எக்ஸிமா இருந்தால் வேர்க்கடலையைத் தள்ளிப்போட வேண்டாம்

"எக்ஸிமா (தோல் வறண்டு, சிவந்து அரிக்கும் நோய்) உள்ள குழந்தைக்கு மூன்று வயதுவரை வேர்க்கடலை கூடாது" என்று இன்னும் சிலர் சொல்வது காலாவதியான அறிவுரை. ஒவ்வாமை அபாயம் அதிகமுள்ள குழந்தைகளுக்கு அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2000இல் அப்படித்தான் சொன்னது. 2008இல் அதைக் கைவிட்டுவிட்டது.

கடலையைச் சீக்கிரமே கொடுத்தால் ஒவ்வாமை குறையுமா என்று பார்த்த, 2015இல் வந்த லீப் (LEAP) ஆய்வில், கடுமையான எக்ஸிமாவோ முட்டை ஒவ்வாமையோ இரண்டுமோ இருந்த 4 முதல் 11 மாதக் குழந்தைகள் 640 பேர் சேர்க்கப்பட்டார்கள். ஐந்து வயதில், கடலையைத் தவிர்த்தவர்களில் 17.2 சதவீதம் பேருக்குக் கடலை ஒவ்வாமை இருந்தது, சாப்பிட்டவர்களில் 3.2 சதவீதம்தான். வெடித்த தோல் வழியே உள்ளே போகும் கடலைப் புரதத்தை உடல் எதிரியாகப் பார்க்கப் பழகுகிறது என்று கருதப்படுகிறது. வயிற்றின் வழியே முதலில் போனால் ஏற்றுக்கொள்ளப் பழகுகிறது. வீட்டில் மற்றவர்கள் கடலை சாப்பிடும்போது குழந்தையின் தோலுக்கு அந்தத் தூசு எப்படியும் போய்ச் சேரும். அதனால்தான் காத்திருப்பது ஆபத்து. தோலுக்கும் மருந்து போட்டு ஆற்றுங்கள்.

எக்ஸிமா கடுமையாக இருந்தாலோ முட்டை ஒவ்வாமை இருந்தாலோ முதலில் மருத்துவரிடம் பரிசோதனை. இதில் சமரசமே வேண்டாம். லேசானது என்றால் ஆறு மாதமளவில், மற்ற திட உணவு பழகியபின் வீட்டிலேயே தொடங்கலாம். கட்டியில்லாத கடலை வெண்ணெய் (பீனட் பட்டர்) 2 தேக்கரண்டியை 2, 3 தேக்கரண்டி வெந்நீரில் கரைத்து ஆறவிடுங்கள். கரண்டி நுனியளவு கொடுத்து 10 நிமிடம் பாருங்கள். ஒன்றுமில்லையென்றால் மீதியை மெதுவாக ஊட்டி, 2 மணிநேரம் கூடவே இருங்கள். தடிப்பு, முக வீக்கம், திரும்பத் திரும்ப வாந்தி வந்தால் நிறுத்தி மருத்துவரை அழையுங்கள். மூச்சிரைப்போ துவண்டுபோவதோ தெரிந்தால் உடனே அவசர சிகிச்சைக்கு.

ஒருமுறை கொடுத்துவிட்டு மறந்துவிடக் கூடாது, வாரம் மூன்று முறையாவது தொடர வேண்டும். முழுக்கடலை மட்டும் ஐந்து வயதுவரை வேண்டாம்; அது மூச்சுக்குழாயை அடைக்கும்.