குட்டியை அல்ல, நாயைத்தான் வீட்டுக்குக் கூட்டி வருகிறீர்கள்

அந்தப் பதிவை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள், மறுபடி எடுத்துப் போடப் போவதில்லை. மாதக்கணக்காக அந்த லாப்ரடார் குட்டியின் போட்டோக்களுக்கு நாம்தான் ஹார்ட் போட்டுக்கொண்டிருந்தோம். நேற்று அதே பக்கத்தில், "நல்ல மனம் உள்ளவர்கள் யாராவது எடுத்துக்கொள்ளுங்கள், ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்தால் நல்லது" என்று வந்திருக்கிறது. சோபாவைக் கடித்துக் கிழிக்கிறதாம், குரைக்கிறதாம், சொன்ன பேச்சைக் கேட்பதில்லையாம். கீழே வரிசையாக ஆறுதல். கஷ்டமான முடிவைத் தைரியமாக எடுத்திருக்கிறீர்கள் என்று பாராட்டு வேறு. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: பகலில் அது எத்தனை மணி நேரம் தனியாக இருக்கிறது? பதில் வரவில்லை. "நாய்ப் பைத்தியங்கள் கிளம்பி வந்துடுச்சு" என்று ஒருவர் எழுதினார், பலர் சிரித்தார்கள், கொஞ்ச நேரத்தில் என் கேள்வியை அழித்துவிட்டார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

குட்டி குட்டியாக இருப்பது சில மாதங்கள்தான். மிச்சக் காலம் முழுக்க அது நாய். இதைப் புரிந்துகொள்ளாமல் யாரும் நாய் வளர்க்க இறங்கக் கூடாது. ஒரு லாப்ரடார் 10 முதல் 12 வருடம் வாழும், சிறிய இனங்கள் பல 15 வருடத்தைத் தாண்டும். அதில் கைக்குள் அடங்கி, மடியில் தூங்கி, போட்டோவுக்கு அழகாக இருக்கும் காலம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். மற்ற வருடங்களுக்கு யார் பொறுப்பு?

நாலு மாதம் வாக்கில் பால்பற்கள் விழ ஆரம்பிக்கும். 28 பால்பற்கள் போய் 42 பற்கள் வர வேண்டும். ஈறு வலிக்கும், எதையாவது கடித்தால்தான் அதற்கு நிம்மதி. பல் முளைத்து முடிந்ததும் விடலைப் பருவம் வந்துவிடும், ஒன்றரை, இரண்டு வயதுவரை அது போகாது. நேற்றுவரை கூப்பிட்டவுடன் ஓடி வந்தது இன்று திரும்பிக்கூடப் பார்க்காது. இது கெட்ட குணம் இல்லை, வளர்ச்சி. நாய்களைக் கைவிடுபவர்கள் நிறையப் பேர் சரியாக இந்த வயதில்தான் கைவிடுகிறார்கள். இன்னும் கொஞ்ச காலம் பொறுத்து, பழக்கினால் அமைதியாகிவிடக்கூடிய நாயை, மிகவும் குழம்பிப்போயிருக்கும் நேரத்தில் வெளியே அனுப்புகிறார்கள்.

அதுவும் லாப்ரடார்! நியூஃபவுண்ட்லாந்து கடற்கரையில் மீனவர்களோடு தண்ணீருக்குள் இறங்கி வேலை பார்த்த நாய்களின் வம்சம் அது. பிறகு வேட்டைக்காரர்கள் சுட்ட பறவைகளைக் கவ்விக்கொண்டு வருவதற்காகவே வளர்த்தெடுத்த இனம். எதையாவது வாயில் கவ்வுவது அதன் ரத்தத்தில் இருக்கிறது. அதைக் காலையிலிருந்து சாயங்காலம்வரை நாலு சுவருக்குள் பூட்டிவிட்டுப் போனால் சோபாவைத்தான் கடிக்கும், வேறு எதைக் கடிக்கும்?

இனத்தைப் பற்றி எடுப்பதற்கு முன்னால் படியுங்கள் என்று நான் எழுதும்போதெல்லாம் சலித்துக்கொள்கிறீர்கள். ஹஸ்கி பனியில் நெடுந்தூரம் வண்டி இழுக்க வந்தது, இரண்டு அடுக்கு ரோமம். கண் நீலமாக இருக்கிறது என்பதற்காக வெயில் காயும் ஊரில் அதை வளர்ப்பது அதற்குச் செய்யும் கொடுமை. பக், புல்டாக் மாதிரி முகம் தட்டையான நாய்களுக்கு மூச்சு விடுவதே சிரமம். நாய் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்வது பெரும்பாலும் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான். மூச்சுப்பாதையே குறுகலாக இருந்தால் அது என்ன செய்யும்? தூங்கும்போது குறட்டை விடுவதை ரீல்ஸ் போட்டுச் சிரிக்கிறோம். பல நேரம் அது காற்றுக்குத் திணறும் சத்தம்.

அப்புறம் நேரம். எட்டு வாரத்துக்கு முன்னால் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தடுப்பூசி தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை சில வாரங்களுக்கு ஒருமுறை போட வேண்டும். பார்வோ என்ற வைரஸ் நோய் வந்தால் குட்டி ஓரிரு நாளில் செத்துப்போகலாம். ரேபிஸ் ஊசி வாழ்நாள் முழுக்கத் தொடரும். தினமும் இரண்டு முறை வெளியே கூட்டிப்போக வேண்டும், உங்களுக்குக் காய்ச்சல் அடித்தாலும் மழை பெய்தாலும். வாடகை வீடென்றால் வீட்டுக்காரர் சம்மதம் வேண்டும், ஊருக்குப் போனால் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். எட்டாவது வருடத்தில் மூட்டு வலி வந்து எழுந்திருக்கவே அது யோசிக்கும். இன்று ஆசைப்பட்டு அழும் உங்கள் பிள்ளை அன்று கல்லூரி விடுதியில் இருக்கலாம். யார் அதைத் தூக்கிக்கொண்டு மருத்துவரிடம் ஓடுவது? அந்த ஆளின் பெயர் இப்போதே தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் எடுக்காதீர்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கிறீர்கள். எங்கள் நாய் மணி வளர்ந்த பிறகுதான் எங்களிடம் வந்தான். வீடு மாறிப்போன ஒரு குடும்பம் அவனை ஒரு தெரிந்தவர் மூலமாக அனுப்பிவிட்டது. தடுப்பூசி அட்டை இல்லை, அவனுடைய பழைய பெயரைக்கூடச் சொல்லி அனுப்பவில்லை. கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான். நாங்கள் தூங்கிய பிறகுதான் வந்து சாப்பிடுவான். புது வீட்டில் 3 நாள் மிரட்சி, 3 வாரத்தில் வீட்டு ஒழுங்கு புரியும், 3 மாதத்தில் தன் வீடாகிவிடும் என்று தத்தெடுப்பவர்கள் ஒரு கணக்கு சொல்வார்கள். மணிக்கு அது போதவில்லை. தெருவில் ஒரு குறிப்பிட்ட மாதிரி பைக் சத்தம் கேட்டால் மட்டும் எழுந்து கேட்டுக்கு ஓடுவான். வண்டி நிற்காமல் போய்விடும். அவன் அங்கேயே நிற்பான், கூப்பிட்டாலும் வரமாட்டான். கூப்பிடுவதற்கு அவன் அறிந்த பெயரும் எங்களிடம் இல்லை. அந்தக் குடும்பமும் ஊரெல்லாம் "நல்ல இடத்தில் விட்டுவிட்டோம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கும்.

"அக்கா, நிலைமை மாறாதா? வேலை போகலாம், நோய் வரலாம்" என்று ஒரு தம்பி இன்பாக்ஸில் எழுதியிருக்கிறார். மாறும் தம்பி. படுத்த படுக்கையாகிவிட்டவரை, வீட்டையே இழந்துவிட்டவரை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பதிவில் எந்த நோயும் இல்லை, சோபாதான் இருந்தது. உண்மையிலேயே வேறு வழி இல்லாதவர்கள் நாயைப் பற்றி மறைக்காமல் சொல்வார்கள், எடுக்க வருபவரின் வீட்டைப் போய்ப் பார்ப்பார்கள், சரியான ஆள் கிடைக்கும்வரை காத்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குள் என்று கெடு வைக்க மாட்டார்கள்.

"மனிதர்களே கஷ்டப்படும்போது நாய்க்கு இவ்வளவு பேச்சா?" இதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. இப்படிக் கேட்டவர்கள் எந்த மனிதருக்கு என்ன செய்தார்கள் என்று இதுவரை எனக்குத் தெரிய வந்ததில்லை.

"இப்படிப் பயமுறுத்தினால் யாருமே தத்தெடுக்க மாட்டார்கள், காப்பகங்கள் நிரம்பி வழியும்" என்பதுதான் கொஞ்சம் யோசிக்க வேண்டிய கேள்வி. காப்பகங்களில் வளர்ந்த நாய்கள் நிறைய இருக்கின்றன. அதன் அளவு, குணம், குழந்தைகளோடு எப்படி இருக்கும், பூனையைக் கண்டால் என்ன செய்யும் என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். வேலைக்குப் போகிறவர்களுக்குக் குட்டியைவிட அமைதியான மூன்று, நான்கு வயது நாய்தான் பொருத்தம். சந்தேகமாக இருந்தால் சில வாரம் தற்காலிகமாக வைத்துப் பார்க்கிறோம் என்று கேளுங்கள், பல காப்பகங்கள் சம்மதிக்கும். வீட்டில் யாருக்காவது ஒவ்வாமை உண்டா என்பதும் அதில் தெரிந்துவிடும். எடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை, தெரிந்துகொண்டு எடுங்கள் என்கிறேன். எத்தனை முறை சொல்வது? குட்டி வேண்டும் என்று கேட்பவர்களில் நாய் வேண்டும் என்று கேட்பவர்கள் எத்தனை பேர்?

அந்த வீட்டில் ஒரு சின்னப் பெண் இருக்கிறாள், போட்டோக்களில் நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருப்பாளே, அவள்தான். தொந்தரவு கொடுத்தால் வீட்டில் இருக்கும் ஒருவரை வெளியே அனுப்பிவிடலாம் என்று அவள் இந்த வாரம் கற்றுக்கொள்ளப் போகிறாள். அவளுக்கு அதை யார் எப்படி விளக்குவார்கள் என்று யோசித்து நேற்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இதற்குப் பெயர் பைத்தியம் என்றால் இருக்கட்டும். அங்கே சிரித்தவர்களில் என் நண்பர்களும் இருந்தார்கள். மணி இறந்தபோது வீடு தேடி வந்து என்னோடு உட்கார்ந்திருந்தவர்களும் இருந்தார்கள். அதுதான் அதிகம் வலிக்கிறது.

அந்த நாயை எடுத்துக்கொள்ளலாமா என்று சிலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். போவதற்கு முன்னால் தடுப்பூசி அட்டையை வாங்கிப் பாருங்கள், கருத்தடை செய்தாகிவிட்டதா என்று கேளுங்கள். என்ன சாப்பிட்டுப் பழகியிருக்கிறது, எந்த வார்த்தைக்கு உட்காரும், எதற்குப் பயப்படும் என்று எழுதி வாங்குங்கள். அது படுத்துத் தூங்கிய துணியைத் துவைக்காமல் கேட்டு வாங்கி வாருங்கள், பழைய வாசனை முதல் சில ராத்திரிகளுக்கு உதவும். பகலில் எத்தனை மணி நேரம் தனியாக இருந்தது என்பதையும் நீங்களே நேரில் கேட்டுவிடுங்கள்.