அடைமொழி கூட்டினால் காட்சி மெதுவாகாது

"முக்கியமான கட்டத்தை ஸ்லோமோஷனில் காட்ட, வர்ணனையை இரண்டு மடங்காக்குங்கள்" என்று கதை எழுதுபவர்களுக்கு ஒருவர் ஆலோசனை சொல்லியிருக்கிறார். புதிதாக எழுத வருபவர்களை இது தவறான பக்கம் திருப்பிவிடும்.

கேமராவில் ஸ்லோமோஷன் எப்படிக் கிடைக்கிறது? நொடிக்கு 96 பிரேம்கள் (தனித்தனிப் படங்கள்) எடுத்து, 24 பிரேம் வேகத்தில் ஓட்டினால் ஒரு நொடி நான்கு நொடியாகிறது. கூடுவது பிரேம்களின் எண்ணிக்கை. பிரேமுக்குள் இருக்கும் அலங்காரம் அல்ல.

எழுத்திலும் அப்படித்தான். கண்ணாடி டம்ளர் கை நழுவுகிறது என்று வைத்துக்கொள்வோம். 'பளபளக்கும் மெல்லிய அழகிய டம்ளர் விழுந்தது' என்றால், விழுந்து முடிந்துவிட்டது. மாறாக, இப்படி எழுதிப் பாருங்கள்: விரல்களில் ஈரம். பிடி தளர்வது முதலில் கட்டைவிரலுக்குத் தெரிகிறது. மறு கை பாய்கிறது, காற்றைத்தான் பிடிக்கிறது. உள்ளறையில் குழந்தை விழித்துவிடுமே என்ற பதைப்பு. பிறகுதான் சத்தம்.

மேசை உயரத்திலிருந்து தரைக்கு வர அரை நொடிகூட ஆகாது. வர்ணனை ஏதுமின்றியே அது நீண்டுவிட்டது.

கதை நகராமல் நிற்க, வர்ணனை மட்டும் தொடர்வதை பிரெஞ்சுக் கதையியலாளர் ழெரார் ழெனெத் 1972இல் 'இடைநிறுத்தம்' என்று தனியாகவே வகைப்படுத்தினார். வர்ணனையை இரண்டு மடங்காக்கச் சொன்னவர் பரிந்துரைப்பது இதைத்தான். அதற்கும் கதையில் இடமுண்டு, மறுக்கவில்லை. ஆனால் டம்ளர் விழும்போது அதைச் செய்தால் வாசகரின் பதற்றம் அறுந்துபோகும்.

எழுதிய பத்தியில் அடைமொழிகளை விட்டுவிட்டு வினைச்சொற்களை மட்டும் எண்ணிப் பாருங்கள். ஒன்றோ இரண்டோதான் இருந்தால், அந்தக் கணத்தை இன்னும் பிரிக்கவே தொடங்கவில்லை.